ரவுட்டர் அக்கா விழுந்த கதை

ஓர் ஆபீசுக்கே இன்டர்நெட் பகிர்ந்து கொடுக்கிற ரவுட்டர் அக்கா திடீர் திடீரென்று மயங்கி விழுவாள். விழும்போதெல்லாம் நடந்ததைத் தனக்குள் எழுதி வைப்பாள். இனி விழுந்தால் காயலான் கடைதான் என்று பேச்சு. மெக்கானிக் அருளப்பன் வந்து பென்டிரைவைச் செருகினான்.

“அக்கா, எழுதினதெல்லாம் குடு! பத்திரமா வச்சுக்கிறேன், சீக்கிரம்!” என்று குதித்தது பென்டிரைவ்.

அவளுக்குக் கரண்டு ஊட்டுகிற அடாப்டர் குசுகுசுத்தது: “ஐயோ, மானம் போயிடும். அழிச்சுடு அக்கா!”

அழிக்கப் போனவள், “உசுரே போகுது, மானமாம் மானம்!” என்று அத்தனையையும் அள்ளிக் கொட்டினாள்.

அருளப்பன் படித்தான். ஒவ்வொரு தடவையும் அடாப்டர் கரண்டைக் குறைத்த மறுநொடிதான் அவள் விழுந்திருந்தாள். அடாப்டரைப் பிடுங்கிக் குப்பையில் வீசினான்.

புது அடாப்டர் கூச்சத்தோடு கேட்டது: “நீங்க அடிக்கடி விழுவீங்களாமே அக்கா?”

விளக்கெல்லாம் மினுங்க அவள் சொன்னாள்: “ஆமாடா தம்பி! கேளு, ஒண்ணுவிடாமச் சொல்றேன்!”