உச்சியில் ஒரு நொடி

கடலில் கிடக்கும் அந்த மஞ்சள் மிதவை அலையோடு ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, பிறகுதான் இறங்கும். அலையிலிருந்து கூடுதல் மின்சாரம் கறக்க அதை அப்படிப் பிடித்துவைத்துப் பிறகு விடுவிப்பது, கரையில் உட்கார்ந்திருக்கும் அமலி எழுதிய கணினி நிரல். மிதவையில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டப் போகும் சூசையண்ணன், படகிலிருந்து அந்த ஒரு நொடியில்தான் அதன்மேல் கால் வைப்பார். மிதவையைப் பார்க்கமாட்டார். அது ஏறும்போதே ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்.

"உச்சியில நிக்கும்லா, மேடம்?" என்று காலையில் கேட்டார். தினமும் கேட்பதுதான். அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிக்கும்ணே, போங்க" என்றாள்.

படகு கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அன்று ஏற்றியிருந்தது புது நிரல். வரப்போகும் அலையை முன்கூட்டியே கணித்து, தான் நினைத்த இடத்தில் மிதவையைப் பிடிக்கும், நினைத்த இடத்தில் விடும். உச்சி என்று ஒன்று அதற்குக் கிடையாது.

போன் அடித்தாள். பக்கத்து நாற்காலியில், சூசையண்ணன் கழற்றிப் போட்டிருந்த சட்டைக்குள் அது அதிர்ந்தது. திரையில் ஓடிய கேமரா படத்தில் படகு மிதவையை ஒட்டிவிட்டது. அவர் உதடுகள் அசைந்தன. அமலியும் தன்னையறியாமல் கூடவே எண்ணினாள். நாலு, அஞ்சு. மிதவையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

'நிச்சயமாக நிறுத்தவா?' என்று திரை கேட்டது. கைதவறி யாரும் நிறுத்திவிடக் கூடாதென்று போன மாதம் அவளே சேர்த்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால், பாதி மறைந்த படத்தில், ஒரு கால் படகை விட்டு எழும்பியிருந்தது.