மூணு பெருசா, ராஜா பெருசா?

"மூணு ராஜாவை வெட்டாதா? என்னம்மா அநியாயம் இது!"

ஏவரிஸ்தோ மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

மேஜைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடும் டீலர் சுலேமா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏழு நாளாக இதே ஆள், இதே ஓர நாற்காலி, இதே கேள்வி. பந்தயம் வைப்பது என்னவோ இருப்பதிலேயே சின்னச் சில்லு. வாய் மட்டும் காசினோவையே விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி.

"ஐயா, அது நாம வீட்டுல ஆடுற ட்ரூக்கோ. அதுலதான் மூணு ராஜாவை வெட்டும். இது போக்கர். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கின்னு அப்படியே இறங்கி வரும். மூணெல்லாம் கிட்டத்தட்ட கடைசி."

"கடைசியா? ஐயோ பாவம்! எங்க வீட்டுல மூணு வந்தா மாத்தே டீக் குவளையைக் கீழே போட்டுட்டு எழுந்து ஆடுவோமே!"

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. கோர்தோபாவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று, காலில் கடற்கரை மணலோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் புதுப்பெண் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சுலேமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளும் இந்த ஊர்க்காரிதான். மார் தெல் ப்ளாத்தாவில் குழந்தைகள் எழுத்துப் படிக்கும் முன்பே ட்ரூக்கோ படித்துவிடும். நாற்பத்திரண்டு வயதில் அதை மண்டையிலிருந்து கழற்றி வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உருளைக்கிழங்கு உரிக்கும்போது "ஏஸ், ராஜா, ராணி", பஸ்ஸில் வரும்போது "ஏஸ், ராஜா, ராணி". பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்.

இன்று இந்த வேலைக்கான சோதனை வாரத்தின் கடைசி நாள். இன்னும் அரை மணி நேரம்தான். முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் ஃபெரேய்ரா, கையில் குறிப்பு நோட்டோடு நிற்கிறார். ஒரே ஒரு ஆட்டத்தில் சீட்டைத் தப்பாகப் படித்தால் போதும். பழையபடி ஹோட்டல் சலவை அறைதான். பதினெட்டு வருஷம் ஆவியில் வெந்தது போதாதா?

இடைவேளையில் அவரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

"சார், அந்த ஓர நாற்காலி ஆளை வேற மேஜைக்கு அனுப்பக் கூடாதா? என் கவனமே கெடுது."

"வாடிக்கையாளரை மாத்த முடியாது சுலேமா. டீலரை வேணும்னா மாத்தலாம், மாத்தட்டுமா?"

சுலேமா விறுவிறுவென்று மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு, காசினோ சார்பில் தனக்கும் ஐந்து போட்டாள். புதுப்பெண் பின்வாங்கவில்லை, பந்தயத்தை ஏற்றினாள். சுலேமா தன் சீட்டுகளைத் திருப்பினாள். ஜோடி ராஜா.

புதுப்பெண் தன்னுடையதை விரித்தாள்.

"மூணு! ரெண்டு மூணு!" என்று கத்தினாள். புருஷன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

சுலேமாவின் முகமும் மலர்ந்தது. ஜோடி மூணு! அவள் கை, அவளைக் கேட்காமலேயே, அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சில்லுத் தட்டை நோக்கிப் போனது.

டமால்!

ஏவரிஸ்தோ மேஜையை அறைந்தார்.

"பார்த்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்! மூணு ராஜாவை வெட்டிடுச்சு! கொடும்மா, பொண்ணுக்கு அள்ளிக் கொடு!"

சுலேமாவின் விரல்கள் சில்லின் மேலேயே உறைந்தன.

மூணு... ராஜாவை... கடவுளே!

அடுத்த கணம், ஏதோ தட்டைச் சரிசெய்யப் போனவள் போல நாலு சில்லைத் தட்டி அடுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். புதுப்பெண்ணின் பந்தயத்தைத் தன் பக்கம் இழுத்தாள். குரல் கணீரென்று வந்தது.

"மன்னிக்கணும் செல்லம். ஜோடி மூணைவிட ஜோடி ராஜா பெருசு. ஐயா, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இது ட்ரூக்கோ இல்ல!"

"இந்த மண்டையில ஏறவே மாட்டேங்குதும்மா" என்று ஏவரிஸ்தோ தலையில் தட்டிக்கொண்டார். தோற்ற பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, எங்க மாமனாருக்கும் இதே மண்டைதான்!" என்றாள்.

அரை மணி முடிந்தது. ஃபெரேய்ரா நோட்டை மூடினார்.

"திங்கட்கிழமை வந்து சீருடை வாங்கிக்கோ. நிரந்தரம்."

சுலேமா அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. தாவிக் குதித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி குதித்தாள். சந்தோஷத்தில் வாய் தானாக நீண்டது.

"சார், ஒண்ணே ஒண்ணு. சீட்டு மதிப்பே தெரியாத அந்த மனுஷனை எல்லாம் உள்ளே விடலாமா? ஏழு நாள்ல ஒரு கழுதைகூடக் கத்துக்கிட்டிருக்கும்."

"யாரு, ஏவரிஸ்தோவா?" ஃபெரேய்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ நிக்கிற இடத்துல முப்பத்தொரு வருஷம் நின்னு சீட்டுப் போட்டு, எப்பவோ ஓய்வு வாங்கினவர்மா அவர்."

சுலேமாவின் குதியாட்டம் நின்றது.

"அப்போ... அந்தக் கேள்வியெல்லாம்...?"

"தினமும் முட்டாள்தனமாப் பேசினாத்தானே, தேவைப்படற நேரத்துல கத்தும்போது யாரும் சந்தேகப்பட மாட்டாங்க?"

அவள் கன்னம் சூடேறியது. "அப்படின்னா என் கை போனதை... நீங்களும் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். நம்ம ஊர்க் கை, முதல் வாரம் அங்கேதான் போகும்" என்றார் ஃபெரேய்ரா. "பத்து வருஷத்துக்கு முன்னாடி, என் முதல் வாரத்துல, என் கை அப்படிப் போனப்போ, அந்த மனுஷன் நாற்காலி மேலேயே ஏறி நின்னு கத்தினார்."