தோளில் ஒரு தொலைநோக்கி

கப்பலை நடுக்கடலில் விட்டு வந்த ரப்பர் படகு, எஞ்சினை அணைத்துவிட்டுத் தீவின் கரையோரம் மிதக்கிறது. காலை வெயில் தண்ணீரில் பட்டு, தாழ்ந்த கிளைகளின் அடிப்பக்கத்தில் நெளிகிறது. பயணத்தின் கடைசித் தீவு இது. இங்கே மட்டுமே வாழும் நீல மீன்கொத்தி ஒன்று கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கவே கப்பலேறிய கணவரின் கையில் தொலைநோக்கி நிற்கவே மாட்டேன் என்கிறது. நடுக்குவாதம். மனைவி அவருக்கு எதிரே மண்டியிட்டு, பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் தோளைத் தொலைநோக்கிக்குத் தாங்கலாகக் கொடுத்திருக்கிறாள். அவருடைய நடுக்கம் அவள் தோளெலும்புக்குள் இறங்குகிறது. மற்ற பயணிகள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. "தெரியுதாங்க?" "எல்லாம் பச்சையா ஆடுது. கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோ." பிடித்துக்கொள்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. "நீலமா ஏதோ..." என்கிறார், உதடு துடிக்க. "தண்ணி வத்திட்டு வருதுங்க, படகு தரை தட்டிடும்" என்று படகோட்டி எஞ்சின் கயிற்றைப் பிடிக்கிறான். "ஐயோ, ஒரு நிமிஷம் தம்பி!" அவள் அடக்கிவைத்த மூச்சு மொத்தமும் அலறலாக வெளியே வருகிறது. கிளை அதிர்கிறது. நீலக் கோடொன்று காட்டுக்குள் போய் மறைகிறது. அவளுக்கு அது தெரியாது. படகில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "இருக்கா? இன்னும் இருக்குதாங்க?" என்று அவர் முகத்தையே பார்த்துக் கேட்கிறாள். அவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "இருக்குடி," என்கிறார். "இப்பத்தான் நல்லாத் தெரியுது."