பதினேழாம் எண் கொடி

“இன்னும் ஒரே ஒரு நாள் இன்குபேட்டர்ல இருக்கட்டும் சார்!” செல் வளரும் தட்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கெஞ்சினாள் லேப் டெக்னீஷியன்.

பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. “நாலு நாளா இதே பாட்டு! நாம சோதிச்ச மாத்திரை கொழுப்பைக் குறைக்கறதோட நிக்கல, ரத்தக்குழாய்ச் செல்லையும் தாங்கிப் பிடிக்குதுன்னு காட்டியாச்சு. கட்டுரையும் அனுப்பியாச்சு. கொட்டும்மா!”

“மருந்து விட்ட தட்டுல இன்னும் உயிர் இருக்கு சார்.”

“இருந்துட்டுப் போகட்டும். பிரசவ வார்டுல தினமும் தொப்புள்கொடியைத் தூக்கித்தானே போடறாங்க? புதுசா ஒண்ணு வாங்கி, அதுலேருந்து செல் எடுத்துக்கோ.”

“புதுசு வேண்டாம் சார். எனக்கு இதுதான் வேணும்.”

அப்படி என்னதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது இதில்? எரிச்சலோடு தட்டைப் பிடுங்கினார். மூடியில் ‘17’ என்றிருந்தது. கொடி தந்த தாய்மார்களின் பதிவேட்டை விரித்தார்.

பதினேழுக்கு நேரே இருந்த கையெழுத்து, இவளுடையது.

“ஆஸ்பத்திரி இன்குபேட்டர்ல என் பையன் ரெண்டே நாள்தான் சார் இருந்தான். நம்ம இன்குபேட்டர்ல இன்னும் இருக்கான்.”