முகம் தெரியாமல் போன படம்

ஒரு கம்ப்யூட்டரில், ஒரே ஃபோல்டருக்குள் ஒரு புகைப்படமும் ஒரு எழுத்து ஃபைலும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. தமயந்தியின் கைக்குழந்தை கடலலையைக் கண்டு சிரிக்கும் படம் அது. ஃபோல்டரைத் திறந்ததுமே அதன் குட்டி முகம் பளிச்சென்று தெரியும். அந்த மிதப்பில், "மூஞ்சியே இல்லாத உன்னை யார் திரும்பிப் பார்ப்பா?" என்று எழுத்து ஃபைலைச் சீண்டிக்கொண்டே இருக்கும்.

தமயந்தி புதுக் கம்ப்யூட்டர் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். அங்கே ஒரு படத்தின் முகமும் வெளியே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெற்றுச் சின்னம்தான். படம் கூனிக்குறுகிப் போனது. இத்தனை நாள் தான் சொன்ன பேச்செல்லாம் அதன் காதிலேயே வந்து விழுந்தது.

"ஐயோ, எல்லாம் கெட்டுப்போச்சு போலிருக்கே!" என்று தமயந்தி திறந்துகூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

படத்தின் முறை வந்தது. எழுத்து ஃபைல் சட்டென்று முன்னால் நகர்ந்து நின்றது.

"விலகு, உன்னையும் அழிச்சிடுவா!" என்று பதறியது படம்.

"அழிச்சா அழிக்கட்டும். திறந்து பார்த்தாலும் பார்ப்பா."

படங்களுக்கு நடுவே எழுத்து ஃபைலைக் கண்டதும் தமயந்தி அதைத் திறந்துதான் பார்த்தாள். "அட, இது நல்லாத்தானே இருக்கு!" அடுத்ததாகப் படத்தையும் திறந்தாள். திரை முழுக்கக் குழந்தை சிரித்தது. அழித்தவற்றையும் அவசரமாக மீட்டெடுத்தாள்.

வெகுநேரம் கழித்துப் படம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "உனக்குள்ள என்ன இருக்கு?"

"இந்தப் பாப்பாவுக்கு அவ எழுதின தாலாட்டு."

படத்தால் அதை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.