கையை எடு!

"கையை எடுய்யா சுவத்துலேருந்து!"

பீரங்கிக்கே அசராத அறுநூறு வருஷக் கோட்டை அது. பரிசோதகர் போட்ட சத்தத்தில் மேல்வரிசைக் கல் ஒன்று அரை அங்குலம் நகர்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அந்நியத் தலைநகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய எங்கள் பஸ்ஸில், காலையிலிருந்து அவர் பிடிக்காத குற்றமில்லை. அரண்மனையில் ஒருவர் நிழலில் உட்கார்ந்தது குற்றம். மணிக்கூண்டில் இன்னொருவர் இரண்டு நிமிஷம் தாமதம், அதுவும் குற்றம்.

பழைய பாலத்தில் அவர் மனைவியே மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு போட்டோ. வந்ததுக்கு ஒரு அடையாளம் வேணாமா?"

"அடையாளமாவது மண்ணாவது! வரிசையில நட!"

இப்போது கோட்டையில் அவருக்குப் பெரிய மீனே சிக்கிவிட்டது. கொத்தனார். சிமெண்ட் கம்பெனி குலுக்கலில் பரிசு விழுந்து வந்தவர். சுவரோரம் முட்டி போட்டு, இடது கையில் குழைத்த மண்ணோடு, வலது உள்ளங்கையைச் சுவரில் அழுத்தியிருந்தார். விரல் இடுக்கில், புதிதாகக் கீறிய தமிழ் எழுத்தின் வால் தெரிந்தது.

"ஓசியில வந்தா இப்படித்தான்! பஸ் ஸ்டாண்டு சுவத்துல கிறுக்குற புத்தி இங்கயுமா?"

"மெதுவா சார். நான் பூசி மறைச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

"கீறுறதும் நீ, பூசுறதும் நீயா?"

கொத்தனார் உள்ளங்கையை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

சத்தம் கேட்டுக் காவலர் ஓடி வந்தார். பின்னாலேயே எங்கள் வழிகாட்டிப் பெண். அந்த ஊர்க்காரி, நம்மவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியே தமிழ் பேசப் பழகியவள். எழுத்து மட்டும் தெரியாது.

"இது யாரோட எழுத்துன்னு கேட்கறார் சார்."

"எங்க எழுத்தும்மா! ரெண்டாயிரம் வருஷத்து எழுத்து! அதுக்கே மானம் போச்சு இந்த ஆளால. போலீஸ்ல விடுங்க!"

"சாயங்காலம் ஃப்ளைட் சார். போலீஸுக்குப் போனா, கேஸ் முடியிற வரைக்கும் இவர் ஊர் திரும்ப முடியாது."

"கிடக்கட்டும்! இவனை பஸ்ல ஏத்தினா நான் ஏற மாட்டேன்!"

கொத்தனாரின் முகம் வெளுத்தது. கை மட்டும் நகரவில்லை.

"என் பேர்லயே எழுதிக்கோங்கம்மா. கையை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

"என்ன திமிரு!" பரிசோதகர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தானே இழுத்துத் தள்ளினார்.

"என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படிங்க சார். காவலர் குறிச்சுக்கணுமாம்."

பரிசோதகர் கண்ணாடியை மாட்டினார். சுவரருகே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். காலையிலிருந்து முதல் தடவையாக எங்களுக்குக் காற்றின் சத்தம் கேட்டது.

"இது... இது எங்க எழுத்தே இல்லம்மா. வேற ஏதோ நாட்டுது. விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஏங்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அவர் மனைவி, வளைந்துபோன கொண்டை ஊசியைக் காவலரிடம் நீட்டினாள். "உங்க பேரும் என் பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, அது வேற நாட்டு எழுத்தாயிடுமா?"