பாதிப் பல்

"டாக்டர், எப்படியாவது இந்தப் பல்லைக் காப்பாத்துங்க. ஆனா அந்த உடைஞ்ச முனையை மட்டும் தொடாதீங்க."

டாக்டர் ஷபானா முகக்கவசத்தை இறக்கிவிட்டு இருதயராஜைப் பார்த்தார். பிறகு, இவர் என்ன சொல்கிறார் என்பதுபோல் ரெனீயின் பக்கம் திரும்பினார். ரெனீக்கு வெட்கமாகப் போயிற்று. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனின் பிடிவாதத்துக்கு அவளாலேயே காரணம் சொல்ல முடியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி.

மேல்வரிசை முன்பல் அது. குறுக்கே பாதியாக உடைந்து கறுத்துக் கிடந்தது. வேரடியில் சீழ் கட்டியதில் மேலுதடு இட்லி மாதிரி உப்பியிருந்தது.

"எப்படி உடைஞ்சுது?"

"மூணு வருஷம் ஆச்சு டாக்டர்," ரெனீயே முந்திக்கொண்டாள். "இவங்க அண்ணன் தவறின வாரம். பாத்ரூம்ல குழாய் ரிப்பேர்னு போனாங்க, வழுக்கி விழுந்துட்டாங்க. அப்பவே கேப் போடச் சொன்னேன். கேட்டாத்தானே!"

"ரூட் கெனால் பண்ணியும் சீழ் வந்திருக்கு, அங்கிள். இனிமே ஈறைக் கீறி, எலும்புல ஓட்டை போட்டு, வேர் நுனியை வெட்டி அடைக்கணும். அப்பவும் பல் நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது. பேசாம எடுத்துட்டு இம்ப்ளாண்ட் போட்டுக்கலாம் லா. பார்க்கவும் அழகா இருக்கும்."

"புதுப்பல் வர எவ்வளவு நாள்?"

"நாலஞ்சு மாசம்."

"அதுவரைக்கும் எங்கம்மா பட்டினி கிடக்கணுமா டாக்டர்?"

ஐம்பத்து மூன்று வயது மனுஷன், பேருந்துப் பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன், நாற்காலியில் மல்லாந்தபடியே அழுதுவிட்டான். ரெனீதான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாமியாருக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டன. மறதி நோய் மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டது. முதியோர் இல்லத்தில் யார் ஊட்டினாலும் துப்பிவிடுவாள். தினமும் வேலை முடிந்து இவன் போக வேண்டும். இவன் வாய்க்குள் விரலை விட்டு, அந்தப் பாதிப் பல்லைத் தடவிப் பார்த்து, தன் பிள்ளைதான் என்று தெரிந்த பிறகே வாயைத் திறப்பாளாம்.

"அவங்களுக்கு நான்னா இந்தப் பல்லுதான்," என்றான் இருதயராஜ். "இது போச்சுன்னா அவங்களும் போயிடுவாங்க."

ஷபானா நாட்காட்டியைப் புரட்டினார். மறுநாளுக்கே தேதி கொடுத்தார்.

அறுவை முடிந்தது. வேர் நுனி போயிற்று, பல் தங்கியது. "பத்து நாளைக்கு யாரும் வாயில கை வைக்கக் கூடாது. தையல் பிரிஞ்சு திரும்பவும் சீழ் வந்தா, அப்புறம் எடுக்கிறதைத் தவிர வேற வழியே இல்ல," என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

பத்து நாளா? நாலாம் நாள் காலையிலேயே இல்லத்திலிருந்து போன் வந்துவிட்டது. அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இன்றும் இப்படியே என்றால் நாளைக்கு மூக்கில் குழாய் போட வேண்டியதுதானாம்.

இருதயராஜ் சட்டையை மாட்டினான்.

"ஐயோ, டாக்டர் என்ன சொன்னாங்க? பல்லு போயிடும்ங்க!"

"நான் போகலேன்னா அம்மா போயிடுவாங்க."

"அப்ப நானும் வரேன்."

"நீ வேணாம். வேற குரல் கேட்டா மிரளுவாங்கன்னு சொல்லியிருக்கேன்ல?"

மூன்று வருடமாக இதே பாட்டு. மாமியாரைப் பார்க்க அவளை ஒரு நாளும் கூட்டிப்போனதில்லை. ஆனால் அன்று அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, வாசற்படியிலேயே தடுமாறினான். ரெனீ வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கூடவே கிளம்பினாள். பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து ரயிலில் வந்து, தேக்கா சந்தையில் மீன் கஞ்சி வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே, இடைவெளி வழியாகப் பார்த்தபடி அவள் நின்றுகொண்டாள்.

பாவம், கிழவி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"யாரு?"

"நான்தாம்மா."

இருதயராஜ் அவள் கையை ஈரத்துணியால் துடைத்து, விரலைத் தன் வாய்க்குள் வைத்தான். விரல் தையலை உரசியது. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆனாலும் வாயை மூடவில்லை. விரல் மெல்ல நகர்ந்து உடைந்த முனையில் போய் நின்றது. ஒட்டிப்போன அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

மாதாவே, பிழைச்சோம் என்று ரெனீ மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியாடா சிலுவை? நாலு நாளா எங்கடா போன?" என்றாள் கிழவி. "நீயாவது வர்றியே சாமி. உன் தம்பி இருதயம் இருக்கானே, அந்தப் பாவி, பெத்தவ இருக்காளா செத்தாளான்னு மூணு வருஷமா எட்டிக்கூடப் பாக்கலியே!"

"அவனை விடும்மா. வாயைத் திற," என்றான் இருதயராஜ்.

ரெனீக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டவர் செத்துப்போன சிலுவைராஜ் அண்ணன்தான். அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள், வாயெல்லாம் ரத்தமாக இவன் பாத்ரூமை விட்டு வந்தபோது தரை காய்ந்துதான் கிடந்தது, கையில் சுத்தியல் இருந்தது.